அடுப்பை ஆராய்ந்த அறிஞர் ரம்போர்டு

காவிரியாற்றின் கீழ்க்கரையில், ஈரோட்டு நகருக்கு எதிரே அமைந்துள்ளது பள்ளிபாளையம். தறியோசை ஓயாத ஊர் அது. அவ்வூரின் பழைய ஓட்டு வீடு ஒன்றனுள் நுழைந்து பாருங்கள். அடுப்பங்கரையின் சுவர் கரி படிந்து கறுத்திருக்கும். கூரையின் கைமரங்களில் ஒட்டடையும் புகைக்கரியும் பின்னித் தொங்கும். விடியற்காலையில் எழுந்து, அடுப்பிலிருந்து சாம்பலை வாரி, வெடித்த இடத்தைக் களிமண்ணால் பூசி, சாணமிட்டு மெழுகி, அதன் பின்னரே தீ மூட்டிய பாட்டியார் ஒருவர் அவ்வீட்டில் வாழ்ந்திருப்பார். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதி, கண் எரிய, இருமல் எழ, அவர் சோறாக்கியிருப்பார். அந்தப் புகையைப் பெண்களின் தலைவிதி என்று எண்ணிப் பேசாதிருந்தனர் மக்கள். அடுப்பும் ஓர் ஆராய்ச்சிப் பொருளாகுமோ என்று கேட்டவர்களும் உண்டு.

ஆகும் என்று உலகிற்குக் காட்டியவர் ஓர் அறிஞர். படைத்துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். அரசர்களின் அவையில் வீற்றிருந்தவர். வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்து புகழ் பெற்றவர். எனினும் பாழடைந்த கணப்பின் முன் குனிந்து, தூக்குநூல் பிடித்து அளவெடுத்து, கொத்தனாருக்கு வழி சொல்வதை அவர் இழிவாகக் கருதவில்லை. அவரே ரம்போர்டு பிரபு என்று அழைக்கப்பெற்ற பெஞ்சமின் தாம்சன் ஆவார்.

இளமைப் பருவம்

பெஞ்சமின் தாம்சன் 1753-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள் வட அமெரிக்காவில் மாசச்சூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த ஊபர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் அமெரிக்கா ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தையார் ஓர் எளிய உழவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டார்.

பதின்மூன்றாம் வயதில் பெஞ்சமின் ஒரு வணிகரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். அவ்வணிகரின் கடை இருந்த துறைமுக நகரின் பெயர் சேலம்! பள்ளிபாளையத்தார்க்கு இப்பெயர் மிகவும் பழக்கமானது. 1997-இல் நாமக்கல் மாவட்டம் தனியே பிரியும்வரை பள்ளிபாளையம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. எனினும் நம் சேலத்திற்கும் அமெரிக்கச் சேலத்திற்கும் பெயரளவில் உள்ள ஒற்றுமையன்றி வேறு தொடர்பு இல்லை.

கடையில் இருந்தபோதும் சிறுவனின் மனம் கணக்கேட்டில் தங்கவில்லை. நெருப்பும் வெடிமருந்துமே அவர் சிந்தையைக் கவர்ந்தன. அமெரிக்க மக்கள் வெறுத்த முத்திரைத்தாள் வரியை ஆங்கில அரசு 1766-இல் நீக்கியபோது, அம்மகிழ்ச்சியைக் கொண்டாட அவர் தம் கையாலேயே வாணம் செய்ய முற்பட்டார். கலவை வெடித்து அவர் உடலைச் சுட்டது. நெருப்பைப் பற்றி அவர் பயின்ற முதற்பாடம் அதுவே எனலாம். ஆனால் அவர் நெருப்பைக் கண்டு அஞ்சி ஒதுங்கவில்லை. அதன் இயல்பை அறியவே விரும்பினார்.

பின்னர் ஆர்வர்டு கல்லூரியில் நிகழ்ந்த அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டு அறிவை வளர்த்துக்கொண்டார். பத்தொன்பதாம் வயதில் கான்கார்டு என்னும் ஊரில் ஆசிரியராக அமர்ந்தார். அவ்வூரின் பழம்பெயர் ரம்போர்டு என்பது. அங்கே செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை 1772-இல் மணந்தார். 1774-இல் அவர்களுக்குச் சாரா என்னும் பெண் குழந்தை பிறந்தது.

நாடு நீங்கிய வாழ்க்கை

1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. தாம்சன் ஆங்கில அரசின் பக்கம் நின்றார். ஊரார் அவரைப் பகைவராகக் கருதினர். அவர் மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஊரை நீங்கினார். 1776-இல் இலண்டனுக்குச் சென்றார். மனைவியை அதன்பின் அவர் காணவேயில்லை. இச்செயல் அவர் வாழ்வில் ஒரு மாறாத கறையாகவே நின்றது.

இலண்டனில் அவருடைய திறமை விரைவில் வெளிப்பட்டது. வெடிமருந்தின் ஆற்றலை அளந்து ஆராய்ந்தார். 1779-இல் வேத்தியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1784-இல் மன்னர் மூன்றாம் சார்சு அவருக்கு வீரப்பட்டம் வழங்கினார். பின்னர் அவர் செருமானிய நாடுகளுள் ஒன்றாகிய பவேரியாவுக்குச் சென்று, அந்நாட்டு மன்னரிடம் பணி ஏற்றார்.

பவேரியாவில் அவர் படையைச் சீர்திருத்தினார். படைவீரர்க்கு எந்தத் துணி குளிரைத் தாங்கும் என்று அறியத் துணிகளையும் மயிர்த்தோல்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். கம்பளியின் இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றே உடலின் சூட்டைக் காக்கிறது என்று கண்டார்.

அக்காலத்தில் மியூனிக் நகரத்தின் தெருக்களில் இரவலர் கூட்டம் மிகுந்திருந்தது. 1790-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் அவர்களைத் திரட்டித் தொழில் இல்லம் ஒன்றில் சேர்த்தார். நூல் நூற்கவும் துணி நெய்யவும் அவர்களுக்கு அங்கே வேலை கொடுத்தார். அத்தனை பேருக்கும் குறைந்த செலவில் உணவு வேண்டும். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு முதலியவற்றைச் சேர்த்து ஒரு கஞ்சி வகையை அவர் வகுத்தார். ரம்போர்டுக் கஞ்சி என்று அது பின்னர் ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றது.

ஆனால் கஞ்சிக்குச் செலவான பொருளைவிட விறகுக்குச் செலவான பொருளே அவருக்கு வியப்பை ஊட்டியது. திறந்த வெளியில் எரியும் தீயின் வெப்பத்துள் மிகச் சிறிய பங்கே பானையைச் சேர்கிறது. எஞ்சியது எல்லாம் காற்றோடு போகிறது என்று அவர் உணர்ந்தார். எனவே செங்கல்லால் மூடிய அடுப்புக்களைக் கட்டுவித்தார். ஒவ்வொரு பானைக்கும் தனித்தனியே ஒரு தீயறை. அடியில் சாம்பல் விழ ஓர் இரும்புக் கம்பித் தட்டு. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு கதவு. இவ்வளவே அவர் செய்த புதுமை. விறகின் செலவு பெரிதும் குறைந்தது. மன்னர் மகிழ்ந்து 1791-இல் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். தாம் ஆசிரியராக வாழ்ந்த ஊரின் பழம்பெயரையே அவர் தம் பட்டப்பெயராக ஏற்று, ரம்போர்டு பிரபு ஆனார்.

இலண்டனின் புகை

1795-இல் ரம்போர்டு இலண்டனுக்குத் திரும்பினார். நகரின்மேல் நிலக்கரிப் புகை கருமுகில்போலக் கவிந்திருந்தது. கண்டவர் அதனை வெறும் புகையென்றே கண்டனர். ரம்போர்டோ அதனை வீணாய்ப்போகும் எரிபொருளாகக் கண்டார். வீடுகளுக்குள்ளும் இதே நிலைதான்.

குளிர்நாட்டு வீடுகளின் கணப்பை நம் நாட்டு மாணவர் பலர் கண்டிருக்கமாட்டார்கள். அது சமைப்பதற்கன்று, அறையைச் சூடாக்குவதற்கு அமைந்தது. சுவரில் ஒரு பெரிய மாடம் போன்ற குழி இருக்கும். அதுவே தீயறை. அதனுள் கம்பித்தட்டின்மேல் கட்டையோ கரியோ எரியும். தீயறையின் மேற்பகுதி குறுகி ஒரு தொண்டையாகி, புகைக்கூண்டோடு சேரும். கூண்டு கூரையைக் கடந்து வெளியே உயர்ந்து நிற்கும்.

பழைய கணப்புக்களின் தீயறைகள் மிகவும் பெரியனவாகவும் ஆழமாகவும் இருந்தன. பக்கச்சுவர்கள் பின்சுவரோடு நேர்கோணமாய் நின்றன. தொண்டையோ, ஓர் ஆள் புகுந்து ஏறும் அளவுக்கு அகன்றிருந்தது. அத்தகைய கணப்பின் முன் அமர்ந்தவர்க்கு முகம் சுடும், முதுகு நடுங்கும். காற்று சற்றே மாறி வீசினால் புகை அறைக்குள் திரும்பிப் பாயும். திரைச்சீலைகள் கறுக்கும், கண் எரியும், மூச்சுத் திணறும். கூண்டை இன்னும் உயர்த்தினால் குறை தீரும் என்று சிலர் எண்ணினர். இன்னும் மிகுதியாகக் கரியை இட்டால் அறை சூடாகும் என்று வேறு சிலர் எண்ணினர். பொருளும் உழைப்பும் செலவாயினவே தவிர, குறை தீரவில்லை.

குறையின் காரணம்

ரம்போர்டு முதலில் எதையும் இடிக்கவில்லை, உற்று நோக்கினார். தீயிலிருந்து இரண்டு பொருள்கள் வெளிப்படுவதை அவர் வேறு பிரித்து அறிந்தார். ஒன்று, கதிராகப் பரவும் வெப்பம். மற்றொன்று, புகையோடு மேலே எழும் சுடுகாற்று. அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் முன்னதே. பின்னது கூண்டின் வழியே வெளியேறவேண்டியது. பழைய கணப்பில் பக்கச்சுவர்கள் நேருக்கு நேர் நின்றமையால், கதிர்வெப்பம் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கே சென்று தீயறைக்குள் அடங்கிவிட்டது. அகன்ற தொண்டை வழியே புகை மட்டுமா சென்றது? அறையிலிருந்த சூடான காற்றும் உடன் சென்றது. அக்காற்று நீங்கிய இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலிருந்து குளிர்காற்று விரைந்து புகுந்தது. ஆகவே கணப்பு எரிய எரிய அறை குளிர்ந்தது!

அன்றியும், அகன்ற தொண்டையில் புகை விரைவாக எழ இயலாது. மேலிருந்து இறங்கும் குளிர்காற்று ஒரு பக்கமும், கீழிருந்து எழும் புகை மறுபக்கமுமாக மோதிச் சுழலும். அச்சுழலே புகையை அறைக்குள் தள்ளியது. ஆகவே நோய் கூண்டின் உயரத்தில் இல்லை. தீயறையின் வடிவிலும் தொண்டையின் அகலத்திலுமே இருந்தது.

செப்பனிட்ட முறை

காரணம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. புதிய கணப்பு கட்டுமாறு ரம்போர்டு எவரையும் வற்புறுத்தவில்லை. இருப்பதையே செப்பனிடும் முறையைக் கூறினார். முதலில் கம்பித்தட்டை வெளியே எடுத்து, சாம்பலையும் கரியையும் நீக்கி, தீயறையைத் துப்புரவாக்க வேண்டும். பிறகு கணப்பு முகத்தின் மேற்பகுதியிலிருந்து தூக்குநூலைத் தொங்கவிட்டுத் தொண்டை அமையவேண்டிய இடத்தைத் தளத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட வேண்டும். அக்கோட்டை அளவாகக் கொண்டு புதிய பின்சுவரை முன்னே கொண்டுவந்து எழுப்ப வேண்டும். தீயறையின் ஆழம் இதனால் குறையும்.

பின்சுவரின் அகலம், கணப்பு வாயிலின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருத்தல் நன்று. பக்கச்சுவர்கள் பின்சுவரோடு 135 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்க வேண்டும். அவ்வாறு விரிந்தால், அவற்றின்மீது படும் கதிர்வெப்பம் அறையை நோக்கித் திரும்பும். தொண்டையின் முன்பின் அளவு 4 அங்குலமே போதும். அதன் முன்விளிம்பு கூராக நில்லாமல் உருண்டு வழவழப்பாக இருக்க வேண்டும். அப்பொழுதுதான் புகை தடைபடாமல் மேலே வழுக்கிச் செல்லும்.

சுவருக்கு ஏற்ற பொருள் யாது என்பதையும் அவர் எண்ணினார். கணப்பின் உட்பக்கத்தில் இரும்புத் தகடு பதிக்கும் வழக்கத்தை அவர் விரும்பவில்லை. செங்கல்லைச் சாந்திட்டுப் பூசி, அதன்மேல் வெள்ளை அடிக்குமாறு கூறினார். வெண்ணிறச் சுவர் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்; கரி படிந்த சுவர் அதனை உட்கொள்ளும். ஆகவே கணப்பைத் துடைத்து வெண்மையாக வைத்தல் அழகிற்காக மட்டுமன்று, அறையின் சூட்டிற்காகவுமாம். துப்புரவு வேறு, பயன் வேறு அல்ல என்பது இதனால் விளங்கும்.

சில செங்கற்களும் சிறிது சாந்தும் ஒரு கொத்தனாரின் உழைப்புமே இதற்குத் தேவைப்பட்டன. புகை கக்கிய கணப்புக்கள் ஏறத்தாழ 500 தம் மேற்பார்வையில் சீர்செய்யப்பட்டன என்று ரம்போர்டு கணக்குக் கூறியுள்ளார். 1796-இல் இம்முறையை விரிவான கட்டுரையாக எழுதி வெளியிட்டார். கொத்தனார்கள் பார்த்துச் செய்யும்படி படங்களையும் அதில் சேர்த்தார். இதற்கு உரிமைக்காப்பு எதனையும் அவர் பெறவில்லை. விரும்பிய எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். சில ஆண்டுகளுள் அவர் பெயரே கணப்பின் பெயராயிற்று. ஆங்கிலப் புதின ஆசிரியை சேன் ஆசுடின் எழுதிய நார்த்தாங்கர் அபே என்னும் கதையிலும் ரம்போர்டுக் கணப்பு குறிக்கப்படுகிறது. கேலிப்பட ஓவியர் ஒருவர் 1800-இல், ரம்போர்டு தம் கணப்பின் முன் முதுகைக் காட்டிக் குளிர்காய்வதுபோல் படம் வரைந்தார்.

கூண்டினுள் ஏறிய சிறுவர்

தொண்டையைக் குறுக்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. கூண்டின் உட்புறத்தில் கரி தடிப்பாகப் படியும். அதனைச் சுரண்டாவிட்டால் அது தீப்பற்றி வீட்டையே எரித்துவிடும். அக்காலத்து இங்கிலாந்தில் இப்பணிக்குச் சிறுவர்களைப் பயன்படுத்தினர். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் தாய்தந்தையற்ற பிள்ளைகளும் கையில் தூரிகையுடன் இருண்ட கூண்டினுள் முழங்காலையும் முழங்கையையும் ஊன்றி ஏறினர். சிலர் இடையில் சிக்கி மூச்சடைத்து இறந்தனர். புகைக்கரி இவர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் 1775-இல் எடுத்துக்காட்டினார்.

4 அங்குலத் தொண்டையில் எவரும் நுழைய முடியாது. எனவே பின்சுவரின் மேற்பகுதியில் நடுவே ஒரு வழி விட்டு, அதனை ஓட்டாலோ கல்லாலோ அடைத்துவைக்குமாறு ரம்போர்டு கூறினார். கூண்டைத் துப்புரவு செய்யும் நாளில் அதனை எடுத்துவிட்டுப் பின்பு மீண்டும் பொருத்தலாம். பழுது பார்ப்பவர் நாளைய துப்புரவையும் இன்றே எண்ணவேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று. எனினும் சிறுவரின் துன்பத்தை இது நீக்கவில்லை. எட்டு வயதுக்குக் குறைந்தோரைச் சேர்க்கலாகாது என்று 1788-இல் செய்யப்பட்ட சட்டம் ஏட்டளவிலேயே நின்றது. 1875-இல் இயற்றப்பட்ட கடுமையான சட்டமே அக்கொடுமைக்கு முடிவு கட்டியது. அறிஞர் அடுப்பைத் திருத்தலாம். சமுதாயத்தைத் திருத்த மக்கள் யாவரும் முன்வரவேண்டும்.

வெப்பத்தின் இயல்பு

வெப்பம் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பாய்பொருள் என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். பவேரியாவில் பீரங்கிகளைக் குடைந்தபோது உலோகம் ஓயாது சூடேறுவதை ரம்போர்டு கண்டார். உடனே ஒரு சோதனை செய்தார். மழுங்கிய குடைகருவியைத் தண்ணீர் நிரம்பிய பெட்டிக்குள் பொருத்தி, குதிரைகளைக்கொண்டு சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் தீயே இல்லாமல் தண்ணீர் கொதித்தது! சூழ நின்றோர் திகைத்தனர். தேய்க்கத் தேய்க்க அளவின்றித் தோன்றும் ஒன்று பொருளாக இருத்தல் இயலாது. அஃது ஒருவகை இயக்கமே என்று அவர் முடிவு செய்தார். 1798-இல் அதனை வேத்தியற் கழகத்தின்முன் வைத்தார். பிற்கால அறிஞர் பலர் அவ்வழியே சென்று அவ்வுண்மையை நிலைநாட்டினர்.

1799-இல் இலண்டனில் வேத்தியல் நிலையம் அமைவதற்கு அவர் முதற்காரணராக இருந்தார். அறிவியலைப் பொதுமக்களின் வாழ்வுக்குப் பயன்படுத்துவதே அதன் நோக்கம். அங்கே 1801-இல் அம்பிரி தேவி என்னும் இளம் வேதியியலாரைப் பணியில் அமர்த்தினார். பின்னாளில் மைக்கேல் பாரடே அந்நிலையத்திலேயே பணிபுரிந்து உலகப்புகழ் பெற்றார்.

குறையும் நிறையும்

ரம்போர்டு குற்றமற்றவர் அல்லர். செருக்கு அவரிடம் மிகுந்திருந்தது. நண்பர்களோடு அவர் நெடுநாள் ஒத்துப்போகவில்லை. மகள் சாராவை இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1796-இல், மீண்டும் கண்டார். 1805-இல் பாரிசு நகரில், புகழ்பெற்ற வேதியியலார் இலவாசியரின் மனைவியாக இருந்து கைம்மை எய்திய அம்மையாரை மணந்தார். நான்கு ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். பல வீடுகளின் கணப்பைச் சீராக்கியவர்க்குத் தம் இல்லறத்தைச் சீராக்கிக்கொள்ள இயலவில்லை. 1814-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 21-ஆம் நாள் பாரிசு நகரை அடுத்த ஓட்டேய் என்னும் ஊரில் அவர் காலமானார். வெப்பத்தையும் ஒளியையும் ஆராய்வோர்க்கு என அவர் 1796-இல் ஏற்படுத்திய பரிசுப்பதக்கம் இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

நம் அடுப்பு

நம் நாட்டிலும் அடுப்பின் புகையை எண்ணிக் கவலையுற்றோர் இருந்தனர். ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியலார் எசு. பி. இராசு 1950-களில் புகையில்லா மண்ணடுப்பு ஒன்றை அமைத்துக் காட்டினார். புகை குழாய் வழியே கூரைக்கு வெளியே சென்றது. இந்திய அரசு 1983-இல் மேம்பட்ட அடுப்புக்களைப் பரப்பும் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வடுப்புக்கள் பல வீடுகளில் நெடுநாள் நிலைக்கவில்லை. குழாயில் படிந்த கரியை நீக்காமலும், வெடித்த மண்ணைப் பூசாமலும் விட்டுவிட்டால் நல்ல அடுப்பும் கெட்டுவிடும். ஆகவே புதிய அடுப்பு எவ்வளவு தேவையோ, அதனைப் பேணும் வழக்கமும் அவ்வளவு தேவை.

இன்று பள்ளிபாளையத்தின் வீடுகளில் எரிவாயு அடுப்பு எரிகிறது. எனினும் புறக்கடையில் வெந்நீருக்கும், வாயிலில் பொங்கலுக்கும் விறகடுப்பு மூட்டுவோர் உளர். உலகெங்கும் வீட்டுப்புகையால் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே புகை சிறிய செய்தியன்று.

மாணவர்களே! உங்கள் வீட்டில் விறகடுப்பு இருப்பின், அதனை ஒருமுறை உற்று நோக்குங்கள். சாம்பல் குவிந்து காற்றை அடைக்கிறதா? பக்கமண் வெடித்துச் சுடர் வெளியே செல்கிறதா? ஈரவிறகு புகைகிறதா? புகை வெளியேற வழி உண்டா? தீ நன்கு ஆறிய பின்னர், பெரியோர் துணையுடன் சாம்பலை வாருங்கள், வெடிப்பைப் பூசுங்கள், புகைவழியைத் துப்புரவாக்குங்கள். அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் அன்னையின் கண்ணீருக்குக் காரணம் விதியன்று, பழுதுபட்ட அடுப்பே. ரம்போர்டு பிரபுவின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவாகும். கூர்ந்து நோக்கும் அறிவுக்கு எந்தப் பொருளும் சிறிதன்று. பிறர் துன்பத்தைத் துடைக்கும் எந்தப் பணியும் இழிந்ததன்று.